நேர்காணலுக்குப் போன சோற்றுப் பொட்டலம்

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், ஜெராம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோனால் கைதுதான், காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்காணலுக்குக் கிளம்பிய அன்று, பசி தாங்காத நான் சான்றிதழ்களுக்கு அடியில் சோற்றுப் பொட்டலம் ஒன்றை ஒளித்துவைத்தேன். வழியனுப்ப வந்த அம்மாவுக்கு அது தெரியாது.

தோட்டத்து வாசலில் காவலர் என் பையைக் கொட்டினார். “யாரு வெச்சது?”

கல்லூரி போய்விடுமே என்று பயந்து, “அம்மாதான்,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். “ஆமாங்கய்யா, நான்தான் வெச்சேன். புள்ளைக்கு பஸ்ஸு போயிரும், விட்டுருங்க.”

அவரை லோரியில் ஏற்றினார்கள். நான் பஸ் ஏறினேன்.

நேர்காணலில் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். “வீட்டில் இருக்கிறார்,” என்றேன். இடம் கிடைத்தது.

ஆசிரியையான பிறகு, பிள்ளைகளின் பையில் எது அகப்பட்டாலும் ‘யார் வைத்தது?’ என்று நான் கேட்பதே இல்லை. வைக்காத ஒருவர் ‘நான்தான்’ என்று சொல்லிவிடக்கூடும்.