பையைத் தூக்கிப் பார்த்தவர்

அடையாறில் ஒரு பயணிகள் விடுதி. வாசல் மேசையைப் பார்த்துக்கொண்டால் படுக்கக் கட்டில் இலவசம். அந்த வேலையில் ஒட்டிக்கொண்டு சென்னையைச் சுற்றினேன்.

படுக்கை விரிப்பு மாற்ற ஓர் அக்கா வருவார். ஒல்லியான கை. கண்ணில் படும் முதுகுப் பையையெல்லாம் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.

ஒருநாள் என் பையைத் தூக்கினார்.

“இதுல இன்னா கீது நைனா?”

“எனக்கு வேண்டியது எல்லாமே இருக்குக்கா.”

“ஆத்தோரம் எங்க வூட்ட இடிச்சப்போ நானும் ஒரு பைதான் கட்டினேன். எத எடுக்கிறது, எத வுடுறதுன்னே தெர்ல. நீ எப்டிப்பா முடிவு பண்ணே?”

பையை இறக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார். நான் எடுக்காமல் விட்டதெல்லாம் கோயம்புத்தூரில் என் அறையில் அப்படியே இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?