நெல்லுக்காகச் சொன்ன அல்லேலூயா

எங்கள் சபையில் யார் சாட்சி சொல்ல எழுந்தாலும் முதலில் "அல்லேலூயா" என்பார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் "ஆமென்" என்று பதில் சொல்ல வேண்டும். சத்தம் போதவில்லையென்றால் விடமாட்டோம், மறுபடியும் சொல்ல வைப்போம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அது சரி. நாடுகள் கூடும் வர்த்தகப் பேச்சுவார்த்தையில் போய் அதையே செய்தேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

நான் நெல் விவசாயி. கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, இன்று சொந்தமாக அரைக் காணி வைத்திருப்பவள். அறுத்த நெல்லை அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில்தான் போடுவோம். அரசாங்கம் அப்படி விலை வைத்து வாங்குவதற்கு வரம்பு கட்ட வேண்டும் என்று அந்த நாடுகளுக்குள் ஒரு பேச்சு ஓடியது. கேட்டதும் எனக்கு வந்ததே கோபம்! கொள்முதல் நின்றால் வியாபாரி சொல்வதுதான் விலை. சிறு விவசாயிகளுக்காகப் பேசிவரும் திருச்சபைகள் சேர்ந்து என்னை அனுப்பின. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

கிளம்பும்போது பக்கத்துக் கழனிக்காரர், பெருமாள் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்து துளசி கொண்டுவந்தார்.

"யக்கா, சுத்தி வளைக்காத. எங்க நெல்ல கவர்மெண்டு வாங்கட்டும், குறுக்க வராதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா. அது நின்னுபோச்சுன்னா கழனிய வித்துட்டு மகாபலிபுரம் ரிசார்ட்டு கேட்டாண்ட வாட்ச்மேனா நிக்கவேண்டியதுதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தில் எனக்குப் பேச இரண்டு நிமிடம். நான் தமிழில் சொல்ல, சபை அலுவலகத்துப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்வாள். நேரம் முடிந்தால் மைக் தானாக அணைந்துவிடும். எழுந்தேன். பழக்கதோஷம், "அல்லேலூயா" என்றேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோட்டுப் போட்டவர்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பதிலுக்காக நின்றேன்.

"இன்னாங்க, சத்தமே காணோம்?" என்று அதட்டிவிட்டு, மறுபடி "அல்லேலூயா!" என்றேன்.

அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அய்யோ அக்கா, டைம் போய்கினு கீது!"

அப்போது பின்வரிசையிலிருந்து, ஆப்பிரிக்காவில் சோளம் போடும் ஒரு அம்மாள் "ஆமென்!" என்று போட்டாள் ஒரு போடு. அவள் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குனிந்திருந்த தலையெல்லாம் நிமிர்ந்தது. தயார் செய்துகொண்டு போனதைச் சொல்ல இனி நேரமில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"எங்க நெல்ல எங்க அரசாங்கம் வாங்குது. அது எங்க வூட்டுச் சோறு. அதுல கை வைக்காதீங்க. வெச்சா, நான் திரும்ப வருவேன்."

அவள் அதை ஆங்கிலத்தில் முடிக்கவும் மைக் அணையவும் சரியாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திமிர் இருந்ததே, அது இன்னும் இறங்கவில்லை.

முடிவெடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். என்னால்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பக்கத்துக் கழனிக்காரர் மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இந்த வருஷமும் கொள்முதல் நிலையம் திறந்தது. வரிசையில் எனக்கு முன்னால் அவருடைய மூட்டைகள். கடைசி மூட்டையும் எடை போட்டு உள்ளே போனதும், நெற்றி நாமத்தோடு என் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் பார்க்க, "அல்லேலூயா!" என்று கத்தினார். மெல்ல "ஆமென்" என்றேன்.

"இன்னா யக்கா, சத்தமே காணோம்?" என்றார்.