பன்னிரண்டு தப்பு

அத்தான் வீட்டுச் சனிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கி வைத்த புண்ணியவான் நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், என் டிரைவிங் ஸ்கூல் அறையில் கூரை ஒழுகிய ஒரு மழை வாரத்தில், இந்த ஒரு தடவை உங்கள் வீட்டில் ஆடிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன, வாங்க" என்றார். அந்த மனிதருக்கு வேறு பதில் தெரியாது. கூரையை அடுத்த வாரமே அடைத்துவிட்டேன். ஆட்டம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் வேலை. கம்பி போட்ட ஜன்னல், அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி, உள்ளே ஒரு ஸ்டூல். கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று விதி. காலை எட்டு முதல் மூன்று வரை வெளியிலிருந்து கைகள் வந்துகொண்டே இருக்கும், இவர் சீட்டைப் படித்து மாத்திரையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாத்திரை மாறியதில்லை. பெரிய டாக்டர்களே தங்கள் கையெழுத்து தங்களுக்குப் புரியாவிட்டால் அவரிடம் அனுப்புவார்கள். நிலம், நகை எதுவும் சேர்க்காதவர். அவருக்கென்று இருந்த ஒரே சொத்து, தப்பு செய்யாதவர் என்கிற அந்தப் பேர்தான்.

சனிக்கிழமை மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து அவர் சட்டையை மாற்றுவதற்குள் நாங்கள் வாசலில் நிற்போம். நான், மாடி வீட்டுக் கணக்கு டீச்சர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற 'சட்டம்'. அவர் உண்மைப் பேர் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. முன்பு ஒரு டெய்லரும் வருவார். இரண்டு வருஷம் முன்னால் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது சட்டத்தின் பை உட்கார்ந்திருக்கும்.

முன்னறையில் மேஜையை இழுத்துப் போட்டால் நடக்க இடம் இருக்காது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நாற்காலி அத்தானுடையது. அவர் எழ வேண்டுமென்றால் டீச்சர் எழ வேண்டும், டீச்சர் எழ வேண்டுமென்றால் சட்டம் நகர வேண்டும், சட்டம் லேசில் நகர்கிற ஆள் இல்லை. அதனால் ஏழு மணி வரை அத்தான் எழுந்ததே கிடையாது. அவருக்கு இடமில்லை என்பது ஒன்பது வருஷமாக என் கண்ணில் படவில்லை. நாள் முழுக்க மாணவர்களிடம் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று கத்துகிறவன் நான்.

ஆட்டம் போக்கர். காசு கிடையாது. காலி மருந்துப் புட்டிகளின் மூடிகள்தான் பந்தயம், வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு ஐந்து, சிவப்புக்குப் பத்து. ஏழு மணிக்கு எல்லாம் திரும்ப டப்பாவுக்குள் போய்விடும். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போட வேண்டும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு, மூன்று தவணையாகத் திறக்கும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் மேல் சீட்டு ஒன்றை யாரும் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். சீட்டுப் போடுவது எப்போதும் அத்தான். மாத்திரை எண்ணிப் பழகிய விரல்கள், நாம் கண்ணைக் கொட்டுவதற்குள் போட்டு முடித்திருக்கும்.

அந்த மனிதருக்கு இந்த ஆட்டம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு சனிக்கிழமை, மூன்றரைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படுக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. வராதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டைத் தப்பாகப் போடுவது. வாரத்துக்கு ஒன்று, மருந்து மாதிரி அளவோடு. நாலு வாரத்தில் இவர்களுக்கு அலுத்துவிடும், வேறு வீடு பார்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது. தன்னிடம் இருந்த ஒரே சொத்தைத் தானே உடைத்துச் செலவு செய்யத் துணிந்தார்.

முதல் வாரம் எனக்குப் போட்ட சீட்டு மல்லாந்து விழுந்தது, இஸ்பேட் ராணி. வேண்டுமென்றே விரலைத் திருப்பியிருக்கிறார். சட்டத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து அந்த மேஜையில் ஒரு வழக்கு. சீட்டைத் திரும்பக் கலைப்பதா, ராணியை ஒதுக்கிவிட்டு எனக்கு வேறு சீட்டு தருவதா என்று முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. அன்று ஏழு மணிக்கு முடிய வேண்டிய ஆட்டம் எட்டுக்கு முடிந்தது. மறுவாரம் சட்டம் நூறு பக்க நோட்டு ஒன்றோடு வந்தார். முதல் பக்கத்தில் விதிகள். ஒன்றுக்கு மேல் சீட்டு மல்லாந்து விழுந்தால் எல்லாம் கலைக்க வேண்டும், ஒருவருக்கு மூன்று சீட்டு போனால் கலைக்க வேண்டும், தப்பு செய்தவர் டீ குடித்த கப்புகளைக் கழுவ வேண்டும். அடுத்த பக்கத்திலிருந்து தேதி, நேரம், தப்பு, தீர்ப்பு. போன வாரத்து ராணிதான் முதல் வரி.

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தார். டீச்சருக்கு மூன்று சீட்டு போட்டார். ஒதுக்க வேண்டிய சீட்டை ஒதுக்காமல் திறந்தார். நாங்கள் அலுத்துப்போவதாகத் தெரியவில்லை. கப்பு கழுவப் போகும் அவரைக் கிண்டல் செய்வது ஆட்டத்தைவிட ருசியாக இருந்தது.

ஐந்தாவது வாரம் கிண்டல் நின்றது. அன்று ஏதோ ஒரு தப்புக்கு, சட்டம் நோட்டில் குறித்துக்கொண்டு, "பரவாயில்லை, விடுங்க" என்றார். பரவாயில்லை என்ற வார்த்தையை அந்த ஆள் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. அன்று கப்புகளை டீச்சரே கழுவினார்.

ஏழாவது வாரம் படியில் நின்று மூன்று பேரும் குசுகுசுவென்று பேசினோம். கை தப்பவில்லை, கவனம்தான் போகிறது என்றார் டீச்சர். தன் அப்பாவுக்கு மறதி நோய் இப்படித்தான் தொடங்கியதாம். அவரைத் தனியாக விடக்கூடாது, மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் புதன்கிழமையும் வந்து ஆடுவோம் என்று முடிவானது. திரும்ப உள்ளே போய் நான்தான் சொன்னேன். அத்தான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "அதுக்கென்ன, வாங்க" என்றார்.

அக்காவிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு நரம்பு டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை மாலைக்கு நேரம் வாங்கினேன். டாக்டரிடம் காட்டுவதற்காகச் சட்டத்தின் நோட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் பயிற்சிக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். எங்கே போகிறோம் என்று பாதி வழியில்தான் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வராதேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அத்தான்? ஒன்பது வருஷமா?"

"எப்படி மச்சான் சொல்றது? வீடு தேடி வர்றீங்க."

"அக்கா அழுதுக்கிட்டு இருக்கா வீட்ல."

அவர் முகம் தொங்கிப்போனது. எனக்குக் கோபத்துக்கு அடியில் பெரிய நிம்மதி. நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன், பென்சிலையும் கொடுத்தேன். வேண்டுமென்றே செய்ததையெல்லாம் டிக் அடியுங்கள், அக்காவிடம் காட்டுவோம், பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து உங்களைத் திட்டுகிறோம் என்றேன்.

ராணிக்கு ஒரு டிக். டீச்சரின் மூன்று சீட்டுக்கு ஒரு டிக். ஏழு டிக் வரை கை வேகமாகப் போனது. ஏழு வாரம், ஏழு தப்பு, அளவு சரி. பிறகு பென்சில் நின்றுவிட்டது. நோட்டில் இருந்தது பன்னிரண்டு வரி.

மிச்சம் ஐந்தையும் அவர் வாய்க்குள்ளேயே படித்தார். ஒதுக்கி வைத்த சீட்டுகளை எடுத்துத் திரும்பச் சீட்டுக்கட்டோடு சேர்த்தது. இடப்பக்கம் தொடங்க வேண்டியதை வலப்பக்கம் தொடங்கியது. போட்டு முடித்துவிட்டு, இன்னும் போடவில்லையா என்று கேட்டது. ஒரே ஆட்டத்தில் டீச்சருக்குச் சீட்டு போடாமல் இரண்டு முறை தாண்டிப் போனது. கடைசி வரியைச் சட்டம் தன் மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார்: டெய்லரின் நாற்காலிக்கு இரண்டு சீட்டு போட்டார், அவர் எடுக்கவில்லையே என்று காத்திருந்தார்.

"இது நான் செய்யலை" என்றார்.

நான் அந்த மேஜையில்தான் இருந்தேன். பையின் மேல் விழுந்த அந்த இரண்டு சீட்டையும் என் கண்ணால் பார்த்தேன்.

"சட்டம் தப்பா எழுதியிருப்பாரோ?"

சட்டம் தப்பாக எழுதுகிற ஆளா என்று அவருக்கே தெரியும். வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் நோட்டை மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கவுண்டர்ல எனக்கு எதிர்ல யாரும் நோட்டு எழுதலையே."

டாக்டர் கேள்விகள் கேட்டார், பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார், முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம் என்றால் பதினெட்டு நாள் கவுண்டர், ஒரு நாளைக்கு இருநூறு கை. அத்தான் அந்தக் கணக்கைப் படி இறங்கும்போதே போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் தலைமை மருத்துவரின் அறை வாசலில் போய் நின்றிருக்கிறார். எனக்கு இப்போதெல்லாம் தப்பு வருகிறது, என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்துவிட்டார். உங்களுக்கா, உங்களைப் போல இன்னும் நாலு பேர் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன், வயசானால் எல்லோருக்கும் வருகிற பயம்தான், போங்க, கூட்டம் நிற்கிறது என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். அவரும் போய்க் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் மூன்று முறை படித்தாராம். வரிசை வெளி வாசல் வரை போய்விட்டது. வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததாக அக்கா சொன்னாள்.

மாலை எங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். புதன்கிழமை ஆட்டம் என்றுதான் போனோம். மேஜையில் சீட்டுக்கட்டு இல்லை, சட்டத்தின் நோட்டு இருந்தது. டீச்சரிடம் ரப்பர் ஒன்று கேட்டு வாங்கினார். என் கண் முன்னாலேயே தான் அடித்த ஏழு டிக்கையும் ஒவ்வொன்றாக அழித்தார்.

"அத்தான், ஏழு நீங்க வேணும்னு செஞ்சது."

"அஞ்சுன்னு சொன்னா திரும்பவும் சிரிப்பாங்க மச்சான். பன்னிரண்டுன்னு சொன்னாத்தான் சாவியை வாங்கிக்குவாங்க."

மறுநாள் காலை நானும் சட்டமும் கூடப் போனோம். அத்தான் நோட்டைப் பிரித்து அந்த அம்மா முன்னால் வைத்தார். ஏழு வாரத்தில் பன்னிரண்டு தப்பு, வாரத்துக்கு மூன்று மணி நேரம், வெறும் சீட்டாட்டத்தில், என்றார். அந்த அம்மா இந்த முறை சிரிக்காமல் படித்தார். டெய்லர் யார் என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவர் என்று நான் சொன்னேன். பிறகு சட்டத்தின் பக்கம் திரும்பி, இதெல்லாம் நடந்ததுதானா என்று கேட்டார். சட்டத்துக்கு அந்த ஏழும் வேண்டுமென்றே செய்தவை என்று முந்தின நாளே தெரியும். ரப்பர் தேய்த்த இடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் நான் கண்ணால பார்த்து எழுதினது" என்றார்.

அத்தான் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபத்தாறு வருஷத்துச் சாவி. அந்த அம்மா அதைத் தொடவே கொஞ்ச நேரம் பிடித்தது. தொட்டதும் அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

திரும்பும்போது என் கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. ஏழு வாரத்துக்கு முன்னாலேயே வாயைத் திறந்து வராதீர்கள் என்று சொல்லியிருந்தால் இந்த மனிதர் இவ்வளவு பட வேண்டியதில்லை. ஆனால் சொல்லியிருந்தால் சட்டம் நோட்டு வாங்கியிருக்க மாட்டார். அந்த ஐந்து தப்பும் கம்பிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். எந்தக் கை எதை வாங்கிக்கொண்டு போயிருக்குமோ.

வீட்டு வாசலில் இறங்கியவர் கதவைச் சாத்திவிட்டு, குனிந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"இந்தச் சனிக்கிழமை யாரும் வராதீங்க. நான் படுக்கணும்."

சட்டம் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். சனிக்கிழமை நான்கு மணிக்கு என் டிரைவிங் ஸ்கூல் அறையில், ஒழுகாத கூரைக்குக் கீழே, தனியாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அக்கா போன் பண்ணினாள். அவர் படுக்கவே இல்லையாம். மேஜையை அவரே இழுத்துப் போட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, ஐந்து நாற்காலிக்கும் சீட்டைப் போட்டு வைத்துவிட்டு, இன்னும் ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று கேட்கிறாராம்.