அசையாமல் நின்ற படம்

கூரியர்காரர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தபோது நான் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

"சார், பொட்டி மேல டிவிடின்னு போட்டுகீது. இப்ப யாரு சார் டிவிடி பாக்குறாங்க?" என்றார்.

நான் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் சரி. அந்தப் பெட்டியை வரவழைக்கச் சொன்னபோது அக்காவுக்குக் குரல் இருந்தது. பெட்டி உத்திரமேரூர் வந்து சேர்ந்தபோது இல்லை.

வாங்கிவந்து, அவள் கண்ணில் படாமல் பரணில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன் எடுத்த மாயாஜாலப் படங்கள். பஞ்சில் செய்த மேகம், சுண்ணாம்பு பூசிய நிலா, அட்டைக் கோட்டை. எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வீட்டின் நிலவறையில், புளித்த நாற்றமடிக்கும் சுருளாகக் கிடந்ததை யாரோ எடுத்து, துண்டு துண்டாக ஒட்டி, ஒவ்வொரு சட்டகமாகத் துடைத்து, பழைய நிறங்களை மறுபடி ஏற்றி, வட்டத்தகட்டில் போட்டு விற்கிறார்கள். இரவுக்கு நீலம், விளக்குக்கு மஞ்சள், நெருப்புக்குச் சிவப்பு. துடைக்கத் துடைக்க இன்னொன்றும் தெளிவாகிவிடுகிறது: பறந்துபோகும் தேவதையைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி. அவர்கள் அதை அழிப்பதில்லை. அந்தக் கம்பிக்காகத்தான் நான் வாங்குகிறேன் என்று சில நாள் தோன்றும்.

அக்கா பெருநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். முப்பது வருடம். எங்கள் அப்பாவும் அம்மாவும் யாரோ ஒருவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி இங்கிலீஷில் கவிதை சொல்லிக்கொடுக்கப் போனாள். மாமா இறந்தபிறகு அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் டிவிடித் தட்டைப் போடுவேன். மனைவி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தரையில் கொட்டி உரிக்க உட்கார்வாள்.

இந்தப் படங்களுக்குப் புதிதாக இசை எழுதிச் சேர்த்திருப்பார்கள். முதல் நாளே அக்கா, "அந்தப் பிடிலை நிறுத்துடா, இழவு வூடு மாதிரி கீது" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிட்டுத்தான் படம். நடுநடுவே எழுத்துப் பலகை வரும். அதை அக்கா தமிழில் படிப்பாள். வெறுமனே படிக்க மாட்டாள். ராஜாவுக்கு ஒரு குரல், சூனியக்காரிக்கு ஒரு குரல். மனைவி இடையில், "அண்ணி, அவன் பொய் சொல்றான், மூஞ்சப் பாரு" என்பாள். "நீ கடலையைப் பாரும்மா" என்பாள் அக்கா. உலகத்துக்கு அவை சத்தமில்லாத படங்கள். எனக்கு அவை முழுக்க அக்காவின் குரலில்தான் நினைவிருக்கின்றன.

பிறகு தொண்டை கம்மியது. வெறும் சளி என்று ஒரு மாத்திரை, இன்னொரு மாத்திரை. காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்று குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் கீழே ஒரு துளை. மூச்சு அதன் வழியே. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, தினமும் துவைத்து, தினமும் இஸ்திரி போட்டு. பள்ளிக்குப் புடவை கட்டிய கை அல்லவா.

பேச ஒரு கருவி கொடுத்தார்கள். சின்ன டார்ச் லைட் அளவு. தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்து வாயை அசைத்தால், அது உறுமி, உறுமல் சொல்லாகும். பயிற்சி கொடுத்த பெண் முதலில் பெயரைச் சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னாள். தன் பெயரைத் தானே கேட்டாள். கருவியை மேசைமேல் வைத்துவிட்டாள். அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தோம். அக்கா அதை எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நோட்டில் எழுதினாள்: "இது நான் இல்லை."

"ஆறு மாசத்துக்குள்ள பழகிடணும் சார். அப்புறம் அவங்களுக்கு மனசே வராது. எழுதியே ஓட்டிடுவாங்க" என்று அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள்.

நான்கு மாதம் போயிற்று. அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நோட்டு, பேனா, கைத்தட்டல் ஒன்று என்றால் தண்ணீர், இரண்டு என்றால் என்னைக் கூப்பிடுகிறாள். சர்ச்சுக்குப் போவதில்லை. பெங்களூரிலிருந்து அவள் மகன் போன் செய்தால் நான் பேசி, நான் கேட்டு, நான் சொன்னேன். தன் அம்மாவைப் பற்றி அவன் என்னிடம் விசாரித்தான், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. நான் எத்தனையோ விதமாகக் கெஞ்சினேன். ஒருநாள் கத்தவும் செய்தேன். கத்தியபின், திருப்பிக் கத்த முடியாதவளிடம் கத்தியது உறைத்தது. அவள் நோட்டை மூடிவிட்டு உள்ளே போனாள். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: ஐந்தாவது மாதமும் இப்படியே போய், ஆறாவதும் போய், அந்தக் கருவி பீரோவைவிட்டு வெளியே வராமலே இருந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை நோட்டில் எழுதி நீட்டினாள்: "காற்றுப் படம் வந்துடுச்சா?"

பொய் சொல்ல முடியவில்லை. அவள் வரவழைக்கச் சொன்ன அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பெட்டியோடு ஒரு குறுநூல் இருந்தது, முழுக்க இங்கிலீஷ். மறுநாள் காலை சர்ச் மணி அடிக்கும் நேரத்தில் அவள் ஜன்னலோரம் அமர்ந்து அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். நான் படிக்கவில்லை. நான் எதையும் முழுதாகப் படிப்பதில்லை, உட்கார்வதுமில்லை. ஒரு வரி எழுதினால் பத்து தடவை எழுந்து நடப்பேன். அக்கா அதற்குத்தான் என்னைச் சின்ன வயதிலிருந்தே திட்டுவாள்.

மூன்று மணி. சத்தத்தை அடைத்தேன். மனைவி மல்லாட்டையோடு உட்கார்ந்தாள்.

மலையில் வாழும் ஒரு ராட்சதன் ஊர்க் காற்றையெல்லாம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறான். காற்றாலை நின்றுவிடுகிறது, கொடியில் துணி தொங்கிப்போகிறது. மாவரைப்பவனின் மனைவி காற்றை மீட்கக் கிளம்புகிறாள். முதல் பலகை வந்தது. பழக்கத்தில் நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க எழுதிகீது?" என்றாள் மனைவி, என்னிடம்.

சுருள் சுருளான எழுத்து. நான் பாதி படிப்பதற்குள் போய்விட்டது. "அவ ஊரைவுட்டுப் போறாளாம்" என்றேன்.

"அதான் தெரியுதே, மூட்டை கட்டிக்கினு போறா."

அக்காவின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா, எரிச்சலா தெரியவில்லை.

படத்தில் மாவரைப்பவனின் மனைவி குகைக்குள் நுழைந்தாள். நீல வெளிச்சம். வரிசையாக ஏழு ஜாடிகள். முதல் ஜாடியை நோக்கிக் குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

படம் நின்றுவிட்டது.

"மாட்டிக்கிச்சு" என்றேன். எங்கள் பிளேயருக்கு இது வழக்கம். வெளிநாட்டுத் தட்டு ஓடாது என்று பஜாரில் ரிப்பேர்கடைக்காரர் ஏதேதோ எண் அழுத்திப் பழக்கிவைத்த பெட்டி. முன்பக்கத்தில் நேரம் காட்டும் விளக்கு செத்துப் பல காலம். எழுந்தேன். தட்டை வெளியே எடுத்து, வாயால் ஆவி விட்டு, வேட்டி நுனியால் துடைத்துப் போட்டேன். அந்த இடத்துக்கு ஓடவிட்டேன். மறுபடி குனிந்தாள், மறுபடி நின்றாள். எடுத்தேன். துடைத்தேன். போட்டேன். நின்றாள்.

பின்னால் இரண்டு கைத்தட்டல்.

"இரு அக்கா, கொஞ்சம் இரு."

மறுபடி தட்டினாள். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. நோட்டை என் தோளருகே நீட்டினாள். நான் திரும்பவில்லை. "பாத்துக்கினுதானே கீறேன், இரு அக்கா!" என்று சிடுசிடுத்தேன். நான்கு மாதமாக அவளுக்கு இருந்தது அந்த ஒரு தாள்தான். அதை நான் பார்க்கவில்லை.

மனைவியிடம், "பல்லு விளக்குற பேஸ்ட்டு எடுத்துனு வா" என்றேன். எங்கள் பக்கத்தில் கீறல் விழுந்த தட்டுக்கு அதுதான் வைத்தியம். வெள்ளை பேஸ்ட்டை விரலால் மெல்லத் தேய்த்துக் கழுவினால் கீறல் அடைபடும். எத்தனையோ தட்டுகளைப் பிழைக்க வைத்திருக்கிறேன், சிலதைக் கொன்றும் இருக்கிறேன். விரலில் பேஸ்ட்டைப் பிதுக்கினேன். தட்டைத் திருப்பிப் பிடித்தேன்.

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அதையும் நான் கவனிக்கவில்லை.

"நிறுத்து. டா."

வயலில் கரண்ட் மோட்டார் ஓடுவதைப் போல, ஏற்றமில்லை, இறக்கமில்லை. அறையின் நடுவில் அக்கா நின்றிருந்தாள். தாடைக்குக் கீழே கருவி. முகம் மட்டும் பழைய வகுப்பறை முகம்.

"ரிப்பேர் இல்ல. அந்த இடம் தொலைஞ்சு போச்சு. அவங்களுக்கே கிடைக்கல. ஒரு போட்டோதான் கிடைச்சுது. அத வச்சிருக்காங்க. பொறுமையா இருந்தா எழுத்து வரும். உனக்கு எதுலதான் பொறுமை."

என் விரலில் பேஸ்ட் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஏதாவது சொன்னால் அவள் கருவியைக் கீழே வைத்துவிடுவாள் என்று பட்டது. நான் கண்ணைத் துடைத்தாலும் வைத்துவிடுவாள்.

மனைவிதான் முந்தினாள். உரித்த கடலையை மடியிலிருந்து முறத்தில் தட்டிவிட்டு, நேற்றும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்ற தோரணையில், "அண்ணி, டீ போடட்டுமா?" என்றாள்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "சக்கரை கம்மி" என்றது அந்தக் குரல்.

டீ வந்தபிறகு, "அந்த இடத்துக்குப் போ" என்றாள். போனேன். ஜாடியை நோக்கிக் குனிந்தபடி அந்தப் பெண் நின்றாள். இந்த முறை நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நொடி இருக்கலாம். அசையாத ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளமானது. நடுவில் ஒரு சின்ன விரிசல், வலது ஓரம் பூசணம் தின்ற தடம். இதை யாரும் மறைத்து ஒட்டவில்லை. இவ்வளவுதான் மிஞ்சியது என்று அப்படியே வைத்திருந்தார்கள். ராட்சதனின் நிழல் சுவரில் விழுந்திருந்ததை, முன்பு மூன்று முறை பார்த்தும், அப்போதுதான் கண்டேன்.

பிறகு பலகை வந்தது. அக்கா கருவியை அழுத்தினாள்.

"இந்தப் பகுதி கிடைக்கவில்லை. எந்த ஜாடியில் தன் ஊர்க் காற்று இருக்கிறது என்று, அவள் ஒவ்வொன்றிலும் காது வைத்துக் கேட்கிறாள்."

ராஜா குரல் இல்லை, சூனியக்காரி குரல் இல்லை. எல்லாம் ஒரே குரல். இடையிடையே துளை வழியே மூச்சு சீறியது.

"எந்த ஜாடியிலயாம் இருந்துது அண்ணி?" என்றாள் மனைவி.

"அது எழுதல."

"அட, அதப் போய் தொலைச்சிட்டாங்களே."

அடுத்த காட்சியில் அந்தப் பெண் வாய் கட்டிய ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை இறங்கினாள். ஊரில் கட்டை அவிழ்த்தாள். கொடியில் துணிகள் ஆடின. கடைசிப் பலகை வரை அக்கா படித்தாள். இரண்டு இடத்தில் சொல் புரியவில்லை, மனைவி "இன்னா?" என்று கேட்டாள், அக்கா மறுபடி சொன்னாள்.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. நான்கு மாதம் பூட்டிக் கிடந்த கருவி. போனே ஒரு நாள் தாங்காது. அதில் எப்படி சார்ஜ் இருந்தது? அடுப்படியில் மனைவியிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் போட்டுக்கினு இருந்தேன். அண்ணி குளிக்கப் போவாங்க இல்ல, அப்ப எடுத்துப் போடுவேன். வர்றதுக்குள்ள திரும்ப வச்சிடுவேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"உன்கிட்ட சொன்னா நீ போய் அவங்கள நச்சுவ" என்றாள். அடுப்பைச் சின்னதாக்கினாள். "என்னிக்கோ ஒரு நாளு கையில எடுப்பாங்க. அன்னிக்கு அது பேசலன்னா, அப்புறம் எடுக்கவே மாட்டாங்க. அதான்."

உள்ளே அக்காவின் போன் அடித்தது. ஞாயிறு ஆறரை, மகன். எடுக்கலாம் என்று வழக்கம்போல எழுந்து போனேன். அவள் உள்ளங்கையைக் காட்டி என்னை வாசற்படியிலேயே நிறுத்தினாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் முதலில் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள்.