மரத்தில் ஒரு சலவைக்கல் தூண்

என் மகளின் கல்யாணம் கனடாவில், மொன்றியல் நகரில், மாப்பிள்ளை வீட்டாரின் இத்தாலியத் தேவாலயத்தில் நடப்பதாக முடிவானது. மணப்பெண்ணைத் தகப்பன்தான் பீடம்வரை கைபிடித்து அழைத்துப் போக வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அத்தனை பேருக்கு முன்னால் நடக்கக் கூச்சப்பட்டு, "உன்ரை மாமாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு, பிள்ளை. அவர் படிச்சவர்" என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் சம்பந்தி எங்களுக்குத் தேவாலயத்தைக் காட்டினார். நான் கோயில் பழக்கத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

"ஐயோ அப்பா, இஞ்ச கழட்டுறேல்லை. போடுங்கோ!" என்றாள் மகள்.

காலுறையில் ஓட்டை வேறு. அவசரமாகச் சப்பாத்தை மாட்டும்போது பக்கத்துத் தூணில் கையை ஊன்றினேன். பச்சை நரம்போடிய சலவைக்கல் தூண். ஆனால் கல்லின் குளிர் அதில் இல்லை. தட்டிப் பார்த்தேன். மரம்போல ஒலித்தது.

சம்பந்தி சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மகள் தமிழில் சொன்னாள்.

"மரந்தானாம் அப்பா. இவரின்ரை அப்பாவின்ரை அப்பா ஆக்கள் பகலில றோட்டு வேலை செய்துபோட்டு, பின்னேரத்தில வந்து இதைக் கட்டினவையாம். சலவைக்கல் வாங்க வழியில்லாமல் மரத்துக்குப் பெயின்ற் அடிச்சவையாம். அந்த அப்பப்பாவுக்கு எழுத வாசிக்கவும் தெரியாதாம்."

சம்பந்தி அந்தத் தூணைக் குழந்தையின் முதுகைப்போலத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமாவிட்டைச் சொல்லிப்போட்டியோ?" என்று மகளைக் கேட்டேன்.

"இன்னும் இல்லை. ஏன்?"

"சொல்லாத. நான் வாறன்."

கூச்சம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடம் அந்நியமாகத் தெரியவில்லை. கல்யாணத்தன்று என் பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு போனேன்.