வரம்பில் கட்டாத துவக்கு

அன்று வரம்பில் நின்றது நான், என் மனுசன், அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த என் தம்பி, பக்கத்து வயல்காரர். அவர் தோளில் உரச்சாக்கில் சுற்றிய இடியன் துவக்கு. குழலின் வாயால் மருந்து போட்டு இடித்து இறுக்குகிற பழைய வகை.

கண்டாவளையில் காலபோக நெல் கதிர் தள்ளுகிற நேரம். காட்டுப்பன்றி இறங்கி இரண்டு வயலையும் கிண்டிவிட்டுப் போயிருந்தது. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே வரம்பு. பன்றி வருகிற பாதையும் அதுதான். அதில் துவக்கைத் தடியோடு கட்டி, குறுக்கே நூல் இழுத்துவிட்டால் போதும். பன்றி நூலைத் தள்ளும். வெடிக்கும். வரம்பு பொது என்பதால் எங்கள் சம்மதம் வேண்டும். என் மனுசன் தலையாட்டிவிட்டார். நான் ஆட்டவில்லை.

"தங்கச்சி, உனக்கு நெல்லு வேணுமோ பண்டி வேணுமோ?" என்றார் வயல்காரர்.

"நெல்லு வேணும். துவக்கு வேண்டாம்."

தம்பி துவக்கைத் தடவிப் பார்த்தான். "இதுக்குப் பேமிற் இருக்கோ அண்ணை?"

"பேமிற்றோ? பொலிஸ் பிடிச்சா மறியல்ல போடுவான். உங்கட நாட்டில எப்பிடி?"

"அங்க கடையில வாங்கலாம். என்னட்டையும் ஒண்டு கிடக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில, மேசை லாச்சியில."

"லாச்சியிலயோ!" வயல்காரர் என் மனுசனைப் பார்த்தார். "நான் வைக்கலுக்க ஒளிக்கிறன், இவர் லாச்சியில வைச்சிருக்கிறார். நாடெண்டா அது."

"ஆரைச் சுட?" நான் தம்பியிடம் கேட்டேன்.

"ஒருத்தரையும் இல்லையக்கா. காவலுக்கு. பக்கத்து வீட்டுக்காரனிட்ட மூண்டு இருக்கு."

"அப்ப அவனுக்கு நீ பயம், உனக்கு அவன் பயம்."

"அங்க அது உரிமை. சட்டத்திலயே எழுதிக் கிடக்கு."

எழுதிக் கிடந்தால் கிடக்கட்டும்.

துவக்குக் கட்டுவதற்கு அளவு எடுக்க வேண்டும். பன்றியை நிற்பாட்டி அளக்க முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஆளைக் குந்தவைத்து, அவருடைய நெஞ்சுக்கு நேரே குழலை வைப்பார்கள். பன்றியின் உயரம் அதுதான்.

"தம்பி, இதில ஒருக்காக் குந்துங்கோ" என்றார் வயல்காரர்.

தம்பி வெள்ளைச் சப்பாத்தோடு சேற்றில் குந்தினான்.

"இன்னும் குனியுங்கோ. பண்டி உங்களைப் போல நிமிந்து வராது."

என் மனுசன் சிரித்தார். தம்பி இன்னும் குனிந்தான். குனிந்தவன் இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேல் வைத்தான். அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அப்படியே இருந்தான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லையக்கா. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில இப்பிடித்தான் பழக்குறாங்கள்."

"என்னத்துக்கு?"

"ஆரும் துவக்கோட உள்ள வந்தா எண்டு. லைற்றை நூத்துப்போட்டு மேசைக்குக் கீழ இருக்கோணும். சத்தம் போடக்கூடாது. வீட்டை வந்து எனக்குச் செய்து காட்டினவள்."

அவளுக்கு ஏழு வயது.

அந்த நாளில் என் பிள்ளைகளையும் நான் பங்கர்க் குழிக்குள் இருத்தினேன். வாயைப் பொத்திப் பிடித்தேன். மேலே செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது. சண்டை நடந்தது. ஏன் குனிகிறோம் என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

"அங்க இப்ப ஆரோட சண்டை?" என்று கேட்டேன்.

தம்பி எழும்பிச் சேற்றைத் தட்டினான்.

"கதையை விடுங்கோ, வெயில் ஏறுது" என்று வயல்காரர் தடியை ஊன்றத் தொடங்கினார். நான் போய் அந்தத் தடிக்கு முன்னால் குந்தினேன்.

"எழும்பு தங்கச்சி."

"நான் இதிலதான் குந்திப் புல்லுப் பிடுங்கிறனான் அண்ணை. உங்கட மனுசியும் இதிலதான். குழலைப் பிடிச்சுப் பாருங்கோ, எங்க வருதெண்டு."

அவர் பிடிக்கவில்லை. ஆனால் பார்த்தார்.

"பகல்ல அவிட்டுப் போடுவன்."

"வாய்க்காலுக்கு அங்கால கட்டினவரும் அவிட்டனான் எண்டுதான் சொன்னவர்."

அது எல்லாருக்கும் தெரிந்த கதை. போன வருசம் விடிந்த பிறகு மாடு தேடிப் போன ஒருவரின் கால் நூலில் பட்டது. முழங்காலோடு போய்விட்டது. என் மனுசன் சிரிப்பை விட்டுவிட்டார்.

"அப்ப பண்டி திண்டா?"

"தின்னட்டும்."

"பட்டினி கிடப்பியோ?"

"கிடந்தனாங்கள்தானே. கிடக்கத் தெரியும்."

நான் எழும்பவில்லை. வெயில் முதுகில் ஏறியது. கடைசியில் அவர் தடியைப் பிடுங்கி எறிந்தார். "அமெரிக்காக்காரனை வெண்டாலும் உன்னை வெல்லேலாது" என்று சொல்லிவிட்டுத் துவக்கைச் சாக்கில் சுற்றினார். தன் வயலின் மற்றக் கரையிலும் அவர் கட்டவில்லை. நான் சொன்னதால் இல்லையாம். கட்டினால் சோறு இல்லை என்று அவர் மனுசி சொல்லிவிட்டாவாம்.

வீட்டுக்கு வரும்போது தம்பியிடம் கேட்டேன். "லாச்சியில கிடக்கிறதை என்ன செய்யப் போறாய்?"

"அங்கத்த நிலைமை வேற அக்கா."

"வேற இல்லை. நீ குந்தினதைப் பாத்தனான்."

லீவு முடிந்து அவன் திரும்பிப் போய்விட்டான். போன் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறேன். "இன்னும் கிடக்கு அக்கா" என்கிறான். பொய் சொல்வதில்லை. சில நாள் கோபத்தில் போனை வைத்துவிடுவான். நான் கேட்பதை விடவில்லை. அவன் பிள்ளை எனக்கு மருமகள். கேட்பேன்.

வரம்பு முழுக்கப் பழஞ்சேலை கட்டினோம். தகரம் தட்டினோம். பன்றி சேலைக்குக் கொஞ்சம் பயந்தது, தகரத்துக்குப் பழகிவிட்டது. நெல் வெட்டு முடிந்த அன்று வயல்காரர் வரம்பில் வந்து நின்று எங்கள் களத்தைப் பார்த்தார்.

"சொன்னனான்தானே" என்றார்.

"ஓம், சொன்னனீங்கள். திருப்பிக் கேட்டாலும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்."

நல்ல போகத்தில் அந்த வயல் முப்பது மூட்டைக்குக் குறையாது. நானும் என் மனுசனும் சாக்கு வாயைக் கட்டி அடுக்கினோம்.

பதினொரு மூட்டை.