கல் தெரிந்தால் குடம்தான்

எங்கள் குட்டையின் படி ஓரத்தில் ஓர் உடைந்த ஆட்டுக்கல் கிடக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது கண்ணில் படாது. இன்று காலை அதன் தலை வெளியே தெரிந்தது. பார்த்ததும் என் நாத்தனார் நினைவு வந்துவிட்டது.

கணவரின் அக்கா அவர். நான் அண்ணி என்று அழைப்பேன். கல்பாக்கத்துக்குச் சற்று வடக்கே, கடலை ஒட்டிய ஊரில் இந்தக் குட்டை அவர் பங்குக்கு வந்தது. கல்லைப் போட்டவரும் அவர்தான். அது மூழ்கியிருக்கும்வரை அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் மோட்டார் போட்டு இறைத்துக்கொள்ளலாம். தெரிந்துவிட்டாலோ ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். அப்புறம் குடத்தில் மொண்டுகொள்ள மட்டுமே அனுமதி. சொந்தக் குட்டைக்கு இத்தனை சட்டமா என்று தெருவே கேலி செய்தது.

நாங்கள் வீடு கட்டிய கோடையில், தளம் போட்ட மறுநாளே கல் தெரிந்தது. எங்கள் அத்தனை வருஷ உழைப்பும் அந்தத் தளத்தில்தான் இருந்தது.

"இன்னாக்கா, நேத்துதான் தளம் போட்டுகீது. தண்ணி வுடலன்னா வெடிச்சிப்பூடும்" என்று கணவர் கெஞ்சினார்.

"தம்பின்னு உனக்கு வுட்டா, நாளைக்கு யார நிறுத்துவேன்? குட்டைய வழிச்சா கெணத்துல கடலுப்பு ஏறிக்கும், ஏறிச்சின்னா எறங்காதுடா" என்றார் அண்ணி.

கணவர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கும் ஆத்திரம்தான். மறுநாள் விடிந்ததும் இடுப்பில் குடத்தோடு அண்ணி மாடிப்படி ஏறி வந்தார். பின்னாலேயே, அவரைக் கேலி செய்த பெண்களும் குடத்தோடு வந்தார்கள். தளத்தில் வைக்கோலும் சாக்கும் பரப்பி, காயக் காய ஊற்றினோம். தளம் இறுகும்வரை அண்ணி ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. "பேசாட்டி போ, கொடத்த மட்டும் வாங்கி வை" என்பார் தம்பியிடம்.

அதே கோடையில் பக்கத்துக் குட்டைகளை டேங்கர் லாரிகள் வழித்து எடுத்துப் போயின. அங்குள்ள கிணறுகளில் உப்பு ஏறியது. மழை பெய்தும் மாறவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்றும் பருப்பு நன்றாக வேகிறது. உலை வைக்கும்போதெல்லாம் அந்த மகராசியை மனசார வாழ்த்துகிறேன். தளத்திலும் ஒரு விரிசல் இல்லை.

அண்ணி போய்ச் சேர்ந்தபின் குட்டை எங்கள் பொறுப்புக்கு வந்தது. இன்று நானே ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். வாழைக்குத் தண்ணீர் விட மோட்டார் கொட்டகைக்குப் போன கணவர் திரும்பி வந்தார்.

"கல்லு தெரிஞ்சிடிச்சா?" என்றார்.

தலையாட்டினேன். அக்காவின் பழைய குடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லருகே இறங்கினார்.